மீன்களின் மறைவாழ்வை ஆய்ந்த பிரான்ஸிஸ் டே

மதுரைக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பாண்டியர் தம் கொடியிற் பொறித்தது கயல். நகரின் நடுவே கோயில் கொண்ட அம்மையின் திருப்பெயர் மீனாட்சி. ஆயினும், அக்கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீன் இல்லை. நாரை ஒன்றின் வேண்டுகோளுக்கு இரங்கி இறைவன் அவ்வாறு அருளினான் என்று திருவிளையாடற் புராணம் அதற்குக் காரணம் கூறுகின்றது. மீனாட்சி என்னும் பெயருக்கும் பெரியோர் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. பறவை தன் முட்டையைத் தொட்டுக் காக்கும். ஆமை நினைந்து காக்கும். மீனோ கண்ணால் நோக்கியே காக்கும். அதுபோல அம்மையும் தன் அடியாரை நோக்கினாலே காப்பாள் என்பதே அவ்விளக்கம். இளமை தொட்டு இதனைக் கேட்டு வந்த யாம், கடலில் வாழும் மீன்கள் தம் முட்டைகளை மெய்யாகவே எவ்வாறு காக்கின்றன என அறிய அவாவினோம். அவ்வாறு தேடியபோது எமக்கு எதிர்ப்பட்டது ஒரு வைத்தியரின் வரலாறு. அவரே டாக்டர் பிரான்ஸிஸ் டே.

நம் நாட்டு மீன்களை முதன்முதல் ஆராய்ந்தவர் டே அல்லர். கிறிஸ்தவ மாணாக்கராகிய நாம் மறத்தற்கரிய ஒருவர் அவருக்கு முன்னரே இப்பணியிற் புகுந்தார். 1771-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயர், சோழமண்டலக் கரையில் அகப்பட்ட மீன்களைப் பதப்படுத்தி, பெர்லின் நகரில் இருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பி வந்தார். பிளாக்கும் நன்றி மறவாது, கத்தாளை மீன்களுள் ஒரு பேரினத்திற்கு ஜான் ஐயரின் பெயரையே சூட்டினார். நம் கண்மாய்களில் வாழும் விராலும் அவ்வறிஞரின் நூல் வாயிலாகவே 1793-இல் ஐரோப்பியப் புலவர்க்கு அறிமுகமாயிற்று. ஆயினும் அந்நாளில் மேனாடு சென்றவை மீன்களின் உடல்களே. அவை உயிரோடிருந்தபோது எங்கே முட்டையிட்டன, எவ்வாறு மூச்சுவிட்டன, எக்காலத்தில் எவ்விடம் பெயர்ந்தன என்பவற்றைக் கரையிலிருந்தே கண்டறிய ஒருவர் வேண்டியிருந்தது.

பிரான்ஸிஸ் டே 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த மேர்ஸ்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். ஷ்ரூஸ்பரியிற் பள்ளிப் படிப்பை முடித்து, இலண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்று, 1852-இல் சென்னைப் பட்டாளத்தில் உதவி வைத்தியராக அமர்ந்தார். அக்காலத்தில் நிகழ்ந்த இரண்டாம் பர்மியப் போரிலும் பணியாற்றினார். பட்டாளத்து வைத்தியனுக்கு ஊர் நிலையன்று. மாற்றல் ஆணை வருந்தோறும் மூட்டை கட்டவேண்டும். அதனைப் பலர் துன்பமாகக் கருதுவர். டேயோ சென்ற ஊர்தோறும் பறவையையும் விலங்கையும் மீனையும் நோக்கி, அம் மாற்றல்களையே கல்வியாக்கிக் கொண்டார்.

1859-ஆம் ஆண்டில் அவர் கொச்சிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், இடையே வலைஞர் குடிகள். காலையில் கரைசேரும் வள்ளங்களில் இத்தனை வகை மீன்களா என வியந்த அவ்வைத்தியர், நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதை மீன்களுக்கே ஈந்தார். கொச்சி நாட்டின் பண்டை நிலையையும் அன்றைய நிலையையும் விளக்கி 1863-இல் ஒரு நூலும், மலையாளக் கரை மீன்களைப் பற்றி 1865-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். வலைஞர் வழங்கிய பெயர்களை அவர் இகழ்ந்து தள்ளவில்லை. பிற்காலத்தில் அவர் இயற்றிய பெருநூலில், இலத்தீன் பெயர்களின் அருகே தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளிற் கடற்கரையார் வழங்கிய பெயர்களையும் வரிசைப்படுத்தினார். அகராதிகளிற் புகாத மீன்பெயர்கள் பலவற்றைத் தமிழ் மாணாக்கர் ஓர் ஆங்கில விலங்கு நூலிற் காண்பது வியப்பன்றோ!

இனி, மீன் தன் முட்டையைக் காக்குமாற்றைக் காண்போம். கடற்கெளிறு என்னும் மீனை அறியாதார் இரார். மீசையும் முள்ளும் உடையது. வலைஞர் கையைக் கிழிப்பது. கடைவீதியில் விலை குறைந்தது. மேற்குக் கரையில் பிடிபட்ட இவ்வின ஆண் மீன்களின் வாயைத் திறந்து நோக்கிய டே, அவற்றினுள்ளே பெரிய முட்டைகள் நிறைந்திருக்கக் கண்டார். சிலவற்றின் வாயில், பொரித்த குஞ்சுகளும் இருந்தன. இரையாக விழுங்கியவையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அம்மீன்களின் குடலை அறுத்துப் பார்த்தபோது அங்கே உணவின் சுவடே காணப்படவில்லை. பெண் மீன் இட்ட முட்டைகளை ஆண் மீன் தன் வாயில் ஏந்தி, அவை பொரித்துக் குஞ்சுகள் தாமே நீந்தும் வரையிற் பட்டினி கிடக்கின்றது என்பது தெளிவாயிற்று. இவ்வுண்மையைப் பிற நாடுகளிலும் சிலர் கண்டுள்ளனர். எனினும் நம் கரை மீன்களிடத்து இதனை நன்கு ஆய்ந்து எழுதிய பெருமை டேயைச் சாரும். பேதுரு அப்போஸ்தலன் மீனின் வாயைத் திறந்து வரிப்பணத்திற்குரிய வெள்ளிக்காசு கண்டதை நாம் வேதத்திற் படித்திருக்கின்றோம். இவ்வைத்தியர் கண்டதோ தந்தையின் அன்பு!

இத்தகைய புதுமைகள் கடலில் ஒன்றிரண்டல்ல. கடற்குதிரையில் ஆணே தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை வெளிப்படுத்தும். நாக்கு மீன் பிறக்கும்போது ஏனைய மீன்களைப் போல இருபுறமும் கண்ணுடையது. வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மற்றொரு கண்ணிருக்கும் பக்கத்திற்கே வந்து சேரும். பின்னர் அம்மீன் மணலில் ஒருக்கணித்துப் படுத்து, இரு கண்ணாலும் மேலே நோக்கியிருக்கும். பறவைக்கோலாவின் முட்டைகளில் நூல் போன்ற இழைகள் உண்டு. அவை மிதக்கும் பாசியையும் தழையையும் பற்றிக்கொள்ளும். சோழமண்டலக் கரை வலைஞர் இதனை நன்கறிவர். தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடிப்பது அவர்தம் பழைய முறை. மீனின் மறைவாழ்வை எழுத்தறியா வலைஞர் ஏட்டறிஞருக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்கு இஃதொன்றே போதும்.

மதுரைச் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் சேய்மையது. நம் கண்மாய்களோ அண்மையன. கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயில் முதல் மழை பெய்த சின்னாட்களில் விராலும் குறவையும் துள்ளுவதைக் கண்டு, மீன் வானத்தினின்று பொழிந்தது என்பாரும் உளர். டே இதனையும் ஆராய்ந்தார். விரால், குறவை, பனையேறி முதலியவற்றை நீரினுள் வைத்து, அவை மேலெழுந்து காற்றை எட்டாதவாறு தடுத்துப் பார்த்தார். நீரிலே வாழும் அம்மீன்கள் நீரிலேயே மூச்சு முட்டி மாண்டன. அவற்றிற்குச் செவுள் மட்டும் போதாது. தலையினுள்ளே காற்றை வாங்கி வைக்கும் அறையும் உண்டு. அதனாலேயே ஈரச் சேற்றினுட் புதைந்து அவை உயிர் பிழைக்கின்றன. வானத்து மீன் என்று கருதியது நம் காலடி மண்ணுள் உறங்கிய மீனே என்பது இதனால் விளங்கும்.

அறிவு அறிவளவில் நின்றுவிடின் அதனாற் பிறர்க்குப் பயன் சிறிது. டேயின் வாழ்வு அவ்விடத்தில் நிற்கவில்லை. காவிரி, கொள்ளிடம், கோதாவரி முதலிய ஆறுகளில் அணைகள் கட்டி நீர்ப்பாசனத்தைப் பெருக்கியவர் ஸர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் 1836-இல் எழுந்த கீழணையும் அவர் ஆக்கியதே. கடலினின்று ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் முதலிய மீன்கள் இவ்வணைகளாற் தடைப்பட்டுக் கடல் மீன்வளமும் குன்றுமே என்னும் அச்சத்தை 1867-இல் அரசாங்கத்திற்கு எடுத்துரைத்தவரும் அக்காட்டனே. தான் கட்டிய அணையால் விளையத்தகும் தீங்கைத் தானே எடுத்துரைத்த அப்பெருந்தகைமை பாராட்டத்தக்கது. அதனை விசாரிக்கும் பணி டேயிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1871-இல் அவர் இந்திய மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

அதன்பின் அவர் சிந்து முதற் பர்மா வரையில் அலைந்தார். மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் வினாக்கள் அனுப்பி விடைகள் பெற்றார். நன்னீர் மீன்களைப் பற்றி ஒன்றும் கடல் மீன்களைப் பற்றி ஒன்றுமாக 1873-இல் இரு அறிக்கைகள் வெளிவந்தன. அவற்றால் விளங்கிய நிலை இரங்கத்தக்கது. ஆறுகளில் முட்டையிட ஏறும் மீன்கள் அணையின் கீழே திகைத்து நிற்க, அங்கேயே அவை அள்ளப்பட்டன. வாய்க்கால்களிலும் வயல் மடைகளிலும் மூங்கிற் பொறிகள் வைத்தும், கண்ணி மிகச் சிறிய வலைகளை வீசியும், விரலளவும் வளராத குஞ்சுகளைக் கூடை கூடையாக வாரினர். நஞ்சிட்டு நீர்நிலைகளைக் கலக்கியோரும் இருந்தனர். வாயில் முட்டை ஏந்திப் பட்டினி கிடக்கும் மீனைக் கண்டவர்க்கு இக்காட்சி எத்தகைய வருத்தம் தந்திருக்கும்! அணைகளில் மீன் ஏறுதற்கு வழி விடுக. வலைக்கண்ணியின் அளவை வரையறுக்க. நஞ்சிடுவதைத் தடுக்க எனப் பலவாறு அவர் வற்புறுத்தினார்.

அவர் மீனுக்கு மட்டும் பரிந்தவர் என்று எண்ணற்க. கடற்கரையில் உப்பின் மீது அரசாங்கம் விதித்த வரி மிகுதியாக இருந்தது. பிடித்த மீனை உப்பிட்டுக் கருவாடாக்க வலைஞர்க்குப் பொருளில்லை. உவர்மண்ணை அள்ளிப் பயன்படுத்தினாலோ குற்றமாகும். ஆகவே, நல்ல மீன் கரையிலே அழுகியது. உள்நாட்டு ஏழைகளுக்கு உணவும் குன்றியது. மீனை உப்பிடுதற்கென வேலியிட்ட இடங்களில் வலைஞர்க்குக் குறைந்த விலையில் உப்பு அளித்தல் வேண்டும் என டே எடுத்துரைத்தார். பின்னர்ச் சென்னை மாகாணக் கரையில் அத்தகைய மீன் பதனிடு களங்கள் ஏற்பட்டன. மதுரைக் கடைகளில் கருவாடு வாங்கும் நாம், அதன் உப்பினுள்ளும் ஒரு வழக்கு இருந்தது என்பதை நினைத்தல் தகும்.

அவர் கருதியவை யாவும் நிறைவேறின என்று கூறவியலாது. இங்கிலாந்தின் டிரௌட்டு மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க 1860-களில் அவர் செய்த முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறர் முயன்ற பின்னரே அது பலித்தது. குஞ்சு மீன்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்னும் அவர் கோரிக்கையும் உடனே பலிக்கவில்லை. ஏழை மக்களின் உணவைச் சட்டத்தால் தடுப்பதோ என்று அதிகாரிகள் தயங்கினர். அத்தயக்கத்திலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. இன்று பசித்தவனுக்கு நாளைய மீனைப் பற்றி உபதேசித்தல் எளிதன்று. இறுதியில் 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. நீர்நிலைகளில் வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடித்தலை அது தடுத்தது. அதனைக் காண டே உயிரோடில்லை.

தம் அலைச்சலுக்கிடையே அவர் இயற்றிய பெருநூலாகிய இந்திய மீன்கள் 1875 முதல் 1878 வரையில் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 200 படத்தகடுகள் அதனை அணிசெய்கின்றன. இதற்கிடையே அவர் இல்வாழ்வில் நேர்ந்த துயரங்களும் சிறியன அல்ல. முதல் மனைவியை இழந்து மறுமணம் புரிந்தவர், சில காலத்துள் இரண்டாம் மனைவியையும் இழந்தார். 1877-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் செல்டனம் நகரிற் குடியேறினார். 1885-இல் அரசாங்கம் அவருக்கு ஸி. ஐ. இ. பட்டம் அளித்தது. இந்திய விலங்குகளைப் பற்றிய பெருவரிசையில் மீன்களுக்கென அவர் எழுதிய இரு தொகுதிகளும் 1889-இல் வெளிவந்தன. அவற்றில் 1,400-க்கு மேற்பட்ட மீனினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

பெரியோர் வரலாற்றைக் கூறுங்கால் குறையை மறைத்தல் மாணாக்கர்க்கு நன்மை தராது. அந்நாளிற் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் மீன் பகுதிக்குத் தலைவராய் விளங்கியவர் குந்தர் என்னும் பேரறிஞர். உலக மீன்களையெல்லாம் எட்டுத் தொகுதிகளில் அட்டவணைப்படுத்தியவர் அவரே. குந்தருக்கும் டேக்கும் ஒற்றுமை இல்லை. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் மறுப்பதும், ஒருவர் பிழையை மற்றவர் அச்சிலேற்றுவதுமாக அவர்தம் பகை வளர்ந்தது. அதன் விளைவாக, டே தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய மீன்களின் பெரும்பகுதியை இலண்டன் பொருட்காட்சிச்சாலைக்கு அளியாது, 1883-இல் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரப் பொருட்காட்சிச்சாலைக்கு விற்றுவிட்டார். ஏனையவை கல்கத்தா முதலிய பல நகரங்களிற் சிதறின. நம் கடலிற் பிறந்த மீனின் மூலப்படியைக் காணவேண்டுவோர் பன்னாடுகளில் தேடும் நிலை ஏற்பட்டது. எவ்வெம்மீன் எங்கெங்கே உள்ளது என்பதை ஆங்கிலேயர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் கூடி ஆராய்ந்து 1976-இற் பட்டியலாக வெளியிட்டனர். இருவர் பகையால் விளைந்த சிதறலை வேறு இருவர் நட்பால் ஒருவாறு தொகுத்தனர் எனலாம்.

டே அறியாத உண்மைகளும் பல. அவர் விரிவாக எழுதிய கொடுவா மீன், இளமையில் ஆணாக இருந்து, முதிர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாயிற்று. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக நாம் பழமொழியில் ஏசும் விலாங்கும் அத்தகையதே. அது ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிடுதற்கு ஆழ்கடலை நாடிச் செல்கின்றது. அதன் குஞ்சு கண்ணாடி இலை போன்றது. தாயைச் சிறிதும் ஒவ்வாதது. அவ்விலை வடிவமே விலாங்கின் குஞ்சு என்பதை இத்தாலிய அறிஞர் நிறுவியது 1890-களில். உல்லம் கடலினின்று ஆற்றிற்கு ஏறுகின்றது. விலாங்கு ஆற்றினின்று கடலுக்கு இறங்குகின்றது. இரண்டிற்கும் இடையே நிற்பது மனிதன் கட்டிய அணை. டேயின் நூல்களைத் திருத்தும் உண்மைகள் மேலும் மேலும் வெளிவந்தாலும், மீனைப் பிடிக்குமுன் அதன் வாழ்வை அறிக என்னும் அவர் கொள்கை திருத்தம் வேண்டாதது.

1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், செல்டனம் நகரில், வயிற்றில் தோன்றிய புற்றுநோயால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. அவர் விதைத்தவை பின்னரே முளைத்தன. 1907-இற் சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனி இலாகா தோன்றியது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலிற் செல்லாது நிற்கின்றன; மீன்கள் முட்டையிட்டுப் பெருகுதற்கென விடப்பட்ட இடைவெளி அது. அந்நாட்களில் மீன் விலை ஏறிற்று என்று முணுமுணுக்கும் நாம், படகைக் கரையிலேற்றிவிட்டு வருவாயின்றி இருக்கும் குடும்பங்களையும் நினைத்தல் வேண்டும். வாயில் முட்டை ஏந்திய மீனைப் போலவே, அவர்களும் வருங்காலத்தின் பொருட்டு வயிறு சுருக்கியிருக்கின்றனர்.

இத்தகைய ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றில், ஊர்க்கண்மாயின் மீனை ஆண்டு முழுவதும் ஒருவரும் தொடாது காத்து, கோடையில் நீர் வற்றியபின் குறித்த ஒரு நாளில் ஊரார் யாவரும் ஊத்தாவும் வலையும் ஏந்தி ஒருங்கே இறங்கி மீன் பிடிப்பர். சட்டம் எழுதப்படுமுன்னரே இவ்வூர்கள் கண்ட நெறி இது. முன்னோர் மீனுக்கு ஏற்றிக் கூறிய நோக்கிக் காக்கும் தொழில், ஆராய்ந்து பார்க்கின், மனிதர்க்கே உரியது. கண்ணுள்ளோர் பலரும் மீனைக் கண்டனர்; அதனை நோக்கினவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிரான்ஸிஸ் டே. அவரது பெயர் மீனாட்சி நகரத்து மாணாக்கராகிய நம் நினைவில் நிலைப்பதாக.